குளூட்டனை விட்டும் வயிறு சரியாகவில்லையா? சீலியாக் நோயாளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

கோதுமையை விட்டாயிற்று. மைதா, ரவை, பார்லி எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. ஆனாலும் வயிறு உப்பிக்கொள்கிறது, வாரத்தில் இரண்டு நாள் பேதியாகிறது, உடம்பில் தெம்பில்லை. சீலியாக் என்பது கோதுமை, பார்லி போன்றவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமாகும் நோய். அதன் நோயாளிகளில் பத்துக்கு மூன்று பேர் வரை இந்த நிலையில் இருக்கிறார்கள். இந்த இடத்தில் பலரும் செய்வது ஒன்றுதான்: பாலை நிறுத்துவார்கள், பிறகு பருப்பை, பிறகு முட்டையை. கடைசியில் ரசம் சாதத்தில் வந்து நிற்பார்கள். அந்த ரசத்தில் போட்ட பெருங்காயத்தில் மைதா இருக்கும்.

கண்டதையும் நிறுத்திப் பார்ப்பதில் பயனில்லை. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்று வரிசையாகப் போனால் பெரும்பாலானவர்களுக்குக் காரணம் தெரிந்துவிடும். ஒரு படியை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது. காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், தார்போல் கறுத்த மலம், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரவு வியர்வை, வாந்தியோடு வயிறு இறுகும் வலி, கால் வீக்கம் ஆகியவை அவை. சில ஆண்டுகள் நன்றாக இருந்து, உணவில் எதையும் மாற்றாமலே மறுபடி மோசமானால், அதுவும் ஐம்பது வயதுக்கு மேல் என்றால், அந்த வாரமே இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 1: போதிய காலம் ஆகியிருக்கிறதா?

குளூட்டனை விட்டதும் எல்லாம் ஒரே வேகத்தில் ஆறாது. பேதி பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். ரத்தசோகை தெளிய ஆறு மாதமாவது ஆகும். ரத்தத்தில் டிடிஜி (சீலியாக்கைக் காட்டும்) எதிர்ப்பொருள் அளவு சாதாரண நிலைக்கு வர ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு பிடிக்கலாம். குடல் உறிஞ்சிகள் (சிறுகுடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல்போன்ற நுண்மடிப்புகள்) மறுபடி எழுவதுதான் எல்லாவற்றிலும் மெதுவானது. குழந்தைகளுக்குச் சீக்கிரம் நடக்கும், பெரியவர்களுக்கு அப்படியல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த பெரியவர்களில் இரண்டு ஆண்டில் 34 சதவீதத்தினருக்கும், ஐந்து ஆண்டில் 66 சதவீதத்தினருக்கும்தான் குடல் முழுதாக ஆறியிருந்தது.

முழங்கை, முழங்கால், பிட்டத்தில் அரிப்போடு கொப்புளம் வரும் தோல் வகைக்கு இன்னும் பொறுமை வேண்டும். உணவு மட்டும் அதை அடக்க மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட ஆகும். அதுவரை டாப்சோன் மாத்திரை தருவார்கள். அதைத் தொடங்குமுன் ஜி6பிடி என்ற நொதியின் அளவைப் பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

எனவே மூன்றாவது மாதத்தில் பதற்றப்பட வேண்டாம். ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஒழுங்காக இருந்தும் தொல்லை தொடர்ந்தால்தான் இனி வருபவை தேவை.

படி 2: நோய் சீலியாக்தானா?

பழைய கோப்பை எடுங்கள். அதில் மூன்று தாள்கள் இருக்க வேண்டும்: குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த டிடிஜி ஐஜிஏ அளவு (ஐஜிஏ என்பது எதிர்ப்பொருள் வகைகளில் ஒன்று), அதோடு மொத்த ஐஜிஏ அளவு, முன்சிறுகுடலில் எடுத்த திசுப் பரிசோதனை அறிக்கை. திசு அறிக்கையில் எத்தனை துண்டு எடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் நான்கு, தொடக்கக் குமிழில் ஒன்றோ இரண்டோ எடுப்பது முறை. ஒரே ஒரு துண்டை வைத்துச் சொன்ன முடிவு உறுதியானதல்ல.

தமிழ்நாட்டில் இந்தப் படிக்குக் கூடுதல் எடை உண்டு. 2016-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் டிடிஜி பாசிட்டிவ் ஆனவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10 மட்டுமே. சீலியாக்குக்கு இடம்தரும் மரபணு இங்கேயும் இருக்கிறது, ஆனால் நாம் சாப்பிடும் கோதுமை குறைவு. இதன் பொருள், ஒரு தென்னிந்தியரின் குடல் உறிஞ்சிகள் தட்டையாகியிருந்தால் அதற்கு வேறு காரணம் இருக்கும் வாய்ப்பை எளிதில் ஒதுக்க முடியாது. ஜியார்டியா கிருமி அப்படிச் செய்யும். குடல் காசநோய் செய்யும். ஒல்மசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையும் சீலியாக்கை அப்படியே ஒத்த பேதியையும் குடல் சேதத்தையும் உண்டாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இலேயே இதுபற்றி எச்சரித்தது. உங்கள் பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

டிராபிகல் ஸ்ப்ரூ என்ற இன்னொரு நோயும் உண்டு. 1960-களில் வேலூரைச் சுற்றிய கிராமங்களில் இது கொள்ளைநோய்போலப் பரவியது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. இன்று குறைந்துவிட்டாலும் மறையவில்லை. இதில் டிடிஜி நெகட்டிவாக இருக்கும், பி12 நன்றாக இறங்கியிருக்கும். குளூட்டனை விட்டு இதற்குப் பயனில்லை. டெட்ராசைக்ளின் வகை மருந்தும் ஃபோலிக் அமிலமும் சில மாதம் தந்தால்தான் ஆறும்.

சந்தேகம் இருந்தால், சீலியாக்குக்கு இடம்தரும் எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 மரபணுக்களுக்கான பரிசோதனை கேளுங்கள். குளூட்டன் சாப்பிடாமல் இருக்கும்போதும் செய்யலாம், வாழ்நாளில் ஒருமுறை போதும். இரண்டும் இல்லையென்றால் சீலியாக் இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். இருந்தால் சீலியாக் என்று அர்த்தமில்லை, ஏனென்றால் நோயில்லாத எத்தனையோ பேருக்கும் அவை உண்டு. "கொஞ்ச நாள் கோதுமை சாப்பிட்டுப் பார்ப்போம்" என்ற சோதனையை மட்டும் நீங்களாகச் செய்யாதீர்கள். அது மருத்துவர் நாள் குறித்து, அளவு குறித்து, மேற்பார்வையில் செய்ய வேண்டியது.

படி 3: டிடிஜி அளவைச் சரியாகப் படியுங்கள்

எப்போதும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். கிட்டுக்குக் கிட்டு அளவுகோல் மாறும், அங்கே 40, இங்கே 18 என்று ஒப்பிட முடியாது. நோய் தெரிந்த ஆறாம் மாதம், ஓராண்டு, பிறகு ஆண்டுக்கொருமுறை போதும்.

அளவு இறங்கிக்கொண்டே வந்தால் பாதை சரி. ஓராண்டுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தால், அல்லது இறங்கி மறுபடி ஏறினால், குளூட்டன் எங்கிருந்தோ வருகிறது. நெகட்டிவாக வந்தால்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய அளவில் அவ்வப்போது உள்ளே போகும் குளூட்டனை இந்தப் பரிசோதனை காட்டாது. உறிஞ்சிகள் ஆறிவிட்டன என்பதற்கும் அது சான்றல்ல. ஆகவே நெகட்டிவ் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த படியைத் தாண்டிவிடக் கூடாது. உடலில் ஐஜிஏ உற்பத்தியே குறைந்தவர்களுக்கு (சீலியாக் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்) இந்த அளவு எப்போதும் பொய்யாகக் குறைவாகவே வரும். அவர்களுக்கு ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளைப் பார்க்கும் டிஜிபி ஐஜிஜி பரிசோதனை.

படி 4: ஒளிந்திருக்கும் குளூட்டனைத் தேடுங்கள்

கட்டுப்பாட்டில் இருந்தும் தீராத தொல்லைகளுக்கு முதல் காரணம் இன்றும் இதுதான். எனவே இந்தப் படிக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

எவ்வளவு குளூட்டன் கெடுதல்? 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் சாப்பிட்டவர்களுக்குக் குடல் சேதம் தெரிந்தது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு என்று கொள்கிறார்கள். ஒரு துண்டு கோதுமை பிரெட்டில் 2 கிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கும். ஆக, அதில் நாற்பதில் ஒரு பங்கு, விரல் நுனியில் ஒட்டும் தூள், தினமும் போனாலே போதும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள்.

கடையில் கிடைக்கும் பெருங்காயம் ஏறத்தாழ எல்லாமே கூட்டுப் பெருங்காயம். அசல் பிசின் காரம் தாங்காது என்பதால் அதோடு கருவேலம் பிசினும் மாவும் கலக்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. தூள்தான் கலப்படம், கட்டிப் பெருங்காயம் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு, கட்டியிலும் மாவு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் தூளில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால் அரை கிராம் மைதா. மைதாவில் ஏறத்தாழ 8 சதவீதம் குளூட்டன் என்றால் 40 மில்லிகிராம். நான்கு பேர் சாப்பிடும் சாம்பாரில் அந்த ஒரு கிராம் விழுந்தால் தலைக்கு 10. சாம்பாரோடு நின்றால் பரவாயில்லை. ரசம், கூட்டு, மோர், இட்லிப்பொடி, ஊறுகாய், அப்பளம், வடை என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஒரு சாதாரண நாளிலேயே 50-ஐத் தொட்டுவிடலாம். கோதுமையே தொடாத வீட்டில் டிடிஜி இறங்காமல் இருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும்.

அரிசி மாவு கலந்த பெருங்காயம் விற்கிறார்கள். பொருள் பட்டியலில் அரிசி மாவு என்று இருப்பதோடு, குளூட்டன் ஃப்ரீ முத்திரையும் இருந்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பெருங்காயமே வேண்டாம். பூண்டு, இஞ்சி, சீரகம், கறிவேப்பிலை வைத்துத் தாளியுங்கள். சாம்பார் பொடி, ரசப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு பாக்கெட்டுகளிலும் பெருங்காயம் இருக்கும் என்பதால் அவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகு, கம்பு, அரிசி எல்லாம் இயல்பில் குளூட்டன் இல்லாதவை. ஆனால் உங்களுக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போயிருப்பார். கல்லுக்கு இடையிலும் துணிக்குழாயிலும் தங்கிய மாவு உங்கள் பாத்திரத்தில் விழும். "அரிசிக்கு அப்புறம் போடுங்கண்ணே" என்று சொல்வது குறைக்கும், தீர்க்காது. தானியத்தைக் கழுவி, நிழலில் காயவைத்து, வீட்டு மிக்சியில் அரைத்து, இதற்கென்றே வாங்கிய சல்லடையில் சலியுங்கள். கோதுமை சலித்த சல்லடையை எவ்வளவு கழுவினாலும் கண்ணிகளில் மாவு ஒட்டியிருக்கும். கடையில் வாங்கும் அரிசி மாவு, புட்டு மாவு, சத்துமாவுக்கும் இதே சந்தேகம் பொருந்தும். சத்துமாவில் பல வீடுகளில் கோதுமையையே முளைகட்டிப் போடுகிறார்கள்.

பெயர் பார்த்து ஏமாறும் பொருள்கள் தனி ரகம். சம்பா ரவை என்றால் அரிசி இல்லை, உடைத்த கோதுமை. சம்பா கோதுமை சர்க்கரை நோயாளிகளுக்கு நல்லது என்று விற்கப்படுகிறது, அதுவும் கோதுமைதான். ராகி சேமியா, கம்பு நூடுல்ஸ், தினை பிஸ்கட், சிறுதானிய பிரெட் ஆகியவற்றின் பின்பக்கத்தைப் படித்தால் பலவற்றில் மைதாவோ கோதுமையோ இருக்கும். மால்ட் என்று எழுதிய எதிலும் பார்லி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா வகை பானங்கள் எல்லாம் இதில் அடங்கும். நோயாளிக்குத் தெம்பு வரட்டும் என்று உறவினர் வாங்கிவரும் முதல் பொருளே இதுதான் என்பது ஒரு கொடுமை. நீர்க்கடுப்புக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் கூடாது. ஓட்ஸ் இந்தியாவில் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே ஆலையில் புழங்குகிறது. முத்திரை உள்ளதாக இருந்தாலும் தொல்லை முழுதாகத் தீரும்வரை தள்ளிவையுங்கள், சிலருக்குச் சுத்தமான ஓட்ஸே ஒத்துக்கொள்ளாது.

முத்திரை என்றால் என்ன? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாததையே குளூட்டன் ஃப்ரீ எனலாம். 20 முதல் 100 வரை இருப்பது லோ குளூட்டன். அது உங்களுக்கு அல்ல. பொருள் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைப் பொருள்களைத் தனியாக எழுதியிருப்பார்கள், அந்த வரியை முதலில் படியுங்கள்.

ஈழத்துச் சமையலில் இந்தப் பிரச்சினை வேறு உருவில் வரும். அவித்த கோதுமை மாவைச் சேர்த்து இடியப்பமும் பிட்டும் செய்வது வழக்கம் என்பதால், இடியப்பம் என்றாலே அரிசி என்று நினைத்து டொரோண்டோவிலோ லண்டனிலோ கடையில் வாங்கிவிடக் கூடாது. கேட்டு வாங்குங்கள், பதில் தயங்கி வந்தால் விட்டுவிடுங்கள்.

பாத்திரங்களில் எவர்சில்வரையும் கண்ணாடியையும் நன்றாகக் கழுவினால் போதும். மரக் கரண்டி, சப்பாத்திக் கட்டை, டோஸ்டர், நான்ஸ்டிக் கீறல்கள், பழகிய இரும்புத் தோசைக்கல் ஆகியவை தனியாக வேண்டும். சப்பாத்தி சுட்ட கல்லைத் துடைத்துவிட்டுத் தோசை ஊற்றுவதுதான் கலப்பு நடக்கும் வழக்கமான வழி. மற்றவர்களுக்குச் சப்பாத்தி செய்தே ஆக வேண்டுமென்றால் உங்கள் சமையலை முதலில் முடித்து மூடிவையுங்கள், காய்ந்த மாவு பறந்து படியும். பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. பருப்பையும் பயறையும் தட்டில் பரப்பிப் பாருங்கள். துவரம்பருப்புக்கு நடுவே ஒரு கோதுமை மணி கிடப்பது அபூர்வமல்ல. பொறுக்கிவிட்டு மூன்று தண்ணீர் கழுவுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது, ஓட்டல் இட்லி ஓரளவு பாதுகாப்பு, சாம்பார் இல்லை. தோசை மாவில் முறுகலுக்காக ரவையோ மைதாவோ சேர்க்கும் கடைகள் உண்டு, அதே கல்லில் பரோட்டாவும் போடுவார்கள். சிக்கன் 65, கோபி மஞ்சூரியன் மேல்மாவில் மைதா. ஃப்ரைடு ரைஸில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை. கடை மிக்சரில் மைதா பிஸ்கட் துண்டுகள் கிடக்கும், சமோசா பொரித்த எண்ணெயில் முறுக்கு வெந்திருக்கும். கல்யாணப் பந்தியில் வெறும் சாதம், தயிர், வாழைப்பழம் என்று முடித்துக்கொள்வது மேல். கோயில் புளியோதரையிலும் வெண்பொங்கலிலும் பெருங்காயம் உண்டு. கத்தோலிக்கர்கள் பங்குத்தந்தையிடம் பேசி, நற்கருணைக்குக் குறைந்த குளூட்டன் அப்பத்துக்கு ஏற்பாடு செய்யலாம், திருச்சபை அதை அனுமதிக்கிறது. ஆங்கில மருந்து மாத்திரைகளில் கோதுமை ஸ்டார்ச் அரிது, ஆனால் வாற்கோதுமை (பார்லி) சேர்த்த லேகியங்கள் இருக்கின்றன. வைத்தியரிடம் பொருள் பட்டியல் கேளுங்கள்.

இந்தத் தேடலோடு இரண்டு வாரக் குறிப்பு ஒன்றும் எழுதுங்கள்: சாப்பிட்டது, நேரம், தொல்லை தொடங்கிய நேரம், மலத்தின் தன்மை. சாப்பிட்ட ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்தால் கணிசமான குளூட்டன் போயிருக்கலாம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் அதை முறிக்கும் மாத்திரை எதுவும் இல்லை. ஓஆர்எஸ் பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், கஞ்சியோ குழைந்த சாதமோ சாப்பிடுங்கள், இரண்டு மூன்று நாளில் அடங்கும்.

படி 5: மூன்று மாதக் கடும் பத்தியம்

தேடியும் எதுவும் அகப்படவில்லை, தொல்லையும் தீரவில்லை என்றால் இது. கலப்படமாகியிருக்க வாய்ப்புள்ள எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்தும் பத்தியம் இது. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இதைப் பின்பற்றிய 17 பேரில் 14 பேருக்குத் தொல்லை தீர்ந்தது. அவர்களில் சிலர் அதுவரை எதற்கும் கட்டுப்படாத வகை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள்.

சாப்பிடக்கூடியவை: முழு அரிசி, கழுவிய முழுப் பருப்பும் பயறும், புதிய காய், பழம், முட்டை, மீன், மசாலா தடவாத இறைச்சி, தேங்காய், வறுக்காத கொட்டைகள், சமையல் எண்ணெய், உப்பு, பால், வீட்டுத் தயிர். கூடாதவை: எல்லா மாவு வகைகளும், பாக்கெட் உணவுகளும், பொடித்த மசாலாக்களும். சிறுதானியங்களும் இந்த மூன்று மாதம் வேண்டாம், குளூட்டன் இல்லாதவை என்றாலும் கலப்படம் அவற்றில்தான் அதிகம். முத்திரை உள்ள பொருள்களுக்கும் இப்போதைக்கு ஓய்வு.

நம் சமையலுக்கு இது அவ்வளவு கடினமில்லை என்பதே உண்மை. காலையில் வீட்டில் அரைத்த மாவில் இட்லி, அதற்குப் பச்சை மிளகாய் போட்ட தேங்காய்ச் சட்னி. மதியம் சாதம், பெருங்காயம் போடாத பருப்பு, பொரியல், தயிர். மிளகு, சீரகம், மஞ்சள் கிழங்கு ஆகியவற்றை முழுதாக வாங்கிக் கழுவிக் காயவைத்து வீட்டில் இடித்துக்கொள்ளலாம். மூன்று மாதத்தில் குணம் தெரிந்தால், ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் என்ற கணக்கில் பழையவற்றைத் திரும்பச் சேருங்கள். சிறிதும் மாற்றமில்லையென்றால் காரணம் பெரும்பாலும் குளூட்டன் அல்ல, அடுத்த படிக்குப் போகலாம்.

படி 6: பால்

பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடல் உறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. உறிஞ்சி தேய்ந்தால் முதலில் போவது அதுதான், திரும்பி வருவதும் கடைசியில். இரண்டு வாரம் பால், பால்கோவா, ஐஸ்கிரீம், பால் காபி எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள். பிறகு ஒரு காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பால் குடியுங்கள். சில மணி நேரத்தில் வயிறு இரைந்து, காற்றுப் பிரிந்து, பேதியானால் விடை கிடைத்துவிட்டது. ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனையும் உண்டு. புளித்த தயிரிலும் பனீரிலும் லாக்டோஸ் குறைவு, பலருக்கு ஒத்துக்கொள்ளும். குடல் ஆறியபின் பெரும்பாலோர் ஓரளவு பாலுக்குத் திரும்பலாம், ஆகவே இதை ஆயுள் தண்டனையாக்கிக்கொண்டு கால்சியத்தை இழக்க வேண்டாம்.

படி 7: உப்பிசம், மலச்சிக்கல்

கோதுமையை விட்டவர்கள் மூன்று வேளையும் வெள்ளை அரிசிக்கு வந்துவிடுகிறார்கள். நார்ச்சத்து சரிகிறது, மலம் இறுகுகிறது, வயிறு உப்புகிறது. பழி குளூட்டன்மேல் விழுகிறது. ஒரு டீஸ்பூன் ஈசப்கோல் உமியைப் பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து இரவில் குடித்து, ஒரு வாரம் கழித்து இரண்டாக்குங்கள். கீரையும் காயும் சோற்றுக்குச் சமமாகத் தட்டில் இருக்கட்டும்.

மலம் சரியாகப் போயும் உப்பிசமும் வலியும் இருந்தால் குடல் எரிச்சல் நோய் கூடவே இருக்கலாம். அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் வெங்காயம், பூண்டு, துவரை, கடலைப்பருப்பு, முந்திரி, மாம்பழம், ஆப்பிள், தர்பூசணி, பால் ஆகியவற்றைக் குறைத்துப் பார்ப்பது முறை. பூண்டு வாசனை வேண்டுமானால் பல்லை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிடுங்கள், வயிற்றை உப்பச் செய்யும் பூண்டின் சர்க்கரை எண்ணெயில் கரையாது. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. பப்பாளி, ஆரஞ்சு, கேரட், கத்தரிக்காய் இருக்கலாம். ஆறு வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கத்தான் வேண்டும். இதையே நிரந்தர உணவாக்கினால் உடம்பு இளைக்கும். முடிந்தால் உணவியல் நிபுணர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள்.

படி 8: மருத்துவர் தேட வேண்டிய மற்ற நோய்கள்

சிறுகுடலில் பாக்டீரியா பெருகுவது உப்பிசத்தையும் பேதியையும் தரும். மூச்சுப் பரிசோதனை செய்து, ரிஃபாக்சிமின் போன்ற மருந்தைக் குறிப்பிட்ட நாளுக்குத் தருவார்கள். தண்ணீராகப் போகும் பேதி, இரவிலும் எழுப்புகிறது, வயது ஐம்பதைத் தாண்டியது என்றால் நுண்ணோக்கிப் பெருங்குடல் அழற்சியை நினைக்க வேண்டும். பெருங்குடல் அகநோக்கியில் கண்ணுக்கு எல்லாம் சாதாரணமாகவே தெரியும், திசு எடுத்துப் பார்த்தால்தான் அகப்படும். "சும்மா பார்த்தோம், நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால், பயாப்சி எடுத்தார்களா என்று கேளுங்கள்.

மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, நாறினால் கணைய நொதி குறைவாக இருக்கலாம். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதி ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சந்தேகம், சாப்பாட்டோடு நொதி கேப்சூல் தருவார்கள். நீர்த்த மலத்தில் இந்த அளவு பொய்யாகக் குறையும், ஆகவே ஓரளவு கெட்டியான மாதிரியைக் கொடுங்கள். தைராய்டு கோளாறும் முதல் வகைச் சர்க்கரை நோயும் சீலியாக்கோடு சேர்ந்தே வரும் கூட்டாளிகள், டிஎஸ்ஹெச்சும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

படி 9: வயிறு சரி, ஆனால் களைப்பு போகவில்லை

ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, துத்தநாகம், தாமிரம், கல்லீரல் பரிசோதனை ஆகியவற்றை ஒரே தடவையில் எடுக்கலாம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருப்பது சகஜம், அதுவே களைப்புக்குப் போதும். உறிஞ்சிகள் ஆறாத குடலில் இரும்பு மாத்திரை ஏறாது. மூன்று மாதம் விழுங்கியும் அளவு அசையவில்லையென்றால் நரம்பு வழியாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். கால் மரத்தல், தள்ளாட்டம் இருந்தால் பி12-ஓடு தாமிரத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் ஒருமுறையாவது தேவை. சீலியாக்கில் மண்ணீரல் மந்தமாகலாம் என்பதால் நிமோனியா தடுப்பூசி பற்றியும் பேசுங்கள்.

படி 10: மறுபடி திசுப் பரிசோதனை

இவ்வளவுக்கும் பிறகும் தொல்லை இருந்தால் முன்சிறுகுடலில் மறுபடி திசு எடுக்க வேண்டும். பழைய கண்ணாடித் தகடுகளை வாங்கிக்கொண்டு போங்கள், ஒரே நோயியல் நிபுணர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல் வராது. உறிஞ்சிகள் நன்றாக இருந்தால் ஏழாம் எட்டாம் படிகளுக்குத் திரும்பலாம். தட்டையாகவே இருந்து, குளூட்டன் உள்ளே போகவில்லை என்பதும், ஒல்மசார்டன் போன்ற வேறு காரணம் இல்லை என்பதும் உறுதியானால், அதுதான் கட்டுப்படாத சீலியாக். நோயாளிகளில் ஏறத்தாழ ஒரு சதவீதம் பேருக்கே வருவது, பெரும்பாலும் நடுவயதுக்குப் பின்.

அதில் இரண்டு வகை. முதல் வகையில் குடல் சுவரின் வெள்ளணுக்கள் இயல்பானவை. பியூடசோனைடு கேப்சூலைத் திறந்து, மருந்து சிறுகுடலின் மேல் பகுதியிலேயே கரையும்படி தருவது இப்போது பரவலான சிகிச்சை, பெரும்பாலோர் தேறுகிறார்கள். கேப்சூலை எப்படித் திறப்பது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொன்னபடி மட்டும் செய்யுங்கள். இரண்டாம் வகையில் அந்த வெள்ளணுக்களே தடம் மாறியிருக்கும், லிம்போமா புற்றுநோயாக மாறும் ஆபத்து உண்டு. எந்த வகை என்று பிரிக்க ஃப்ளோ சைட்டோமெட்ரி அல்லது டி செல் மரபணு மறுசீரமைப்புப் பரிசோதனை வேண்டும். அது எல்லா ஊரிலும் கிடைக்காது என்பதால், திசு எடுக்கும் நாளை முடிவு செய்யுமுன்பே அந்த வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு ஃபார்மலினில் போட்ட திசு உதவாது, புதிய திசுவைத் தனிக் குப்பியில் எடுக்க வேண்டும்.